குறட்டைக்குக் கத்தி வைக்கலாமா?

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருஷம் ஆடி மாதம் நம்ம கூட்டமைப்புக்கு வந்த கடன் மனுக்களில் ஒன்று எங்களை யோசிக்க வைத்தது. கறவை மாடு, காதுகுத்து, பள்ளிக்கூடப் பீஸ், இதெல்லாம் வழக்கமாக வருவது. இந்த மனுவில் "தொண்டை ஆபரேஷன், ரூ.70,000" என்று எழுதியிருந்தது. எதற்கு ஆபரேஷன் என்று கேட்டோம். குறட்டைக்கு என்றார்கள். குழுவில் இருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். குறட்டைக்கு எழுபதாயிரமா?

சிரித்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. ஏனென்றால் அதற்கு முன்னாடியும் நாங்கள் சிரித்திருக்கிறோம். மனு கொடுத்த அக்காவுக்கு 52 வயது. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து உறுப்பினர். ஒரு நாளும் சந்தா பாக்கி வைத்தது இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக மீட்டிங்கில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். சேமிப்பை எண்ணிக்கொண்டு இருக்கும்போதே தலை சாயும். "அக்கா தறி ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க" என்று கேலி பேசுவோம். கூட்டத்தில் தூங்கினால் 5 ரூபாய் அபராதம் என்று தீர்மான நோட்டில் எழுதி, மூன்று தடவை வசூலும் பண்ணினோம். அவரும் ஒன்றும் சொல்லாமல் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். அது சோம்பல் இல்லை, வியாதி என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அந்த மனுவினால் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறோம். நாங்கள் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவர்கள், அங்கே கேள்வி கேட்டவர்கள், அவ்வளவுதான்.

முதலில் இந்த வியாதி என்ன என்று பார்ப்போம். ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு என்று நாம் சொல்லலாம். கிணற்று மோட்டாருக்கு உறிஞ்சும் பக்கம் என்ன குழாய் போடுகிறோம்? கெட்டிக் குழாய். அங்கே சுருட்டி வைக்கிற துணி ஹோஸைப் போட்டால் மோட்டார் இழுக்கும்போது ஹோஸ் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஏறாது. நம்ம தொண்டையும் ஓரளவு அந்தத் துணி ஹோஸ் மாதிரிதான். மூக்குக்கு எலும்பு உண்டு, மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையம் உண்டு. நடுவில் இருக்கிற தொண்டைக்குச் சதைதான் சுவர். விழித்திருக்கும்போது அந்தச் சதை விறைப்பாக இருந்து வழியைத் திறந்து வைக்கிறது. தூங்கினால் தளர்ந்துவிடும். வழி குறுகினால் காற்று போகும்போது சதை அதிரும். அதுதான் குறட்டை. முழுசாக ஒட்டிக்கொண்டால் சத்தமும் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும்.

பத்து வினாடிக்கு மேல் அப்படி நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. சிலருக்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம்கூட நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்து ஆளை உலுக்கும். "ஹக்" என்று ஒரு சத்தத்தோடு மூச்சு வரும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. தூங்குகிறவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கின மாதிரி இருக்கும். தலைவலி, வாய் வறட்சி, ராத்திரி இரண்டு மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பது, எரிச்சல், மறதி, பகலில் அடக்க முடியாத தூக்கம் எல்லாம் வரும். பல பேருக்கு ரத்தக் கொதிப்பும் கூடவே இருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் வியாதியின் அளவைச் சொல்கிறார்கள். 5-க்குள் இருந்தால் பரவாயில்லை. 5 முதல் 15 வரை லேசு. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. இந்த எண் இல்லாமல் யாரும் எதையும் முடிவு பண்ணக்கூடாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இதற்கு வருவோம்.

இது ஆம்பிளைகள் வியாதி என்று ஒரு பேச்சு உண்டு. ஆண்களுக்கு அதிகம்தான். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு நமக்கும் கூடிவிடுகிறது. அதோடு பெண்கள் போய் டாக்டரிடம் "குறட்டை விடுறேன்" என்று சொல்வதில்லை. வெட்கம். "அசதியா இருக்கு, தூக்கம் சரியில்லை, தலை வலிக்குது" என்று சொல்வோம். சத்து மாத்திரையும், சில இடத்தில் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுப்பார்கள். தூக்க மாத்திரை தொண்டைச் சதையை இன்னும் தளர்த்திவிடக்கூடியது. எண்ணெயை ஊற்றி நெருப்பை அணைக்கிற கதைதான்.

அந்த அக்காவுக்கும் வெட்கம்தான் பெரிய பாரம். ஒரே ஒரு அறையும் திண்ணையும் உள்ள வீடு. மகன், மருமகள், பேரன் எல்லாம் அங்கேதான். சத்தம் கேட்டு மருமகள் என்ன நினைப்பாளோ என்று மார்கழிப் பனியிலும் திண்ணையில் போய்ப் படுப்பார். ஒரு நாள் பேரன்தான் "ஆயாவுக்கு மூச்சே வரலப்பா" என்று மகனை எழுப்பியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். அங்கே டார்ச் அடித்து வாயைப் பார்த்துவிட்டு, "உள்நாக்கு நீளமா தொங்குது. வெட்டி எடுத்துட்டா சரியாயிடும். வெள்ளிக்கிழமை வாங்க, இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

மனுவை வைத்துக்கொண்டு குழுவில் பெரிய வாக்குவாதம். ஒரு உறுப்பினர் சொன்னார்: "உசிரு அவங்களோடது. கடன் கேட்டா தகுதி பார்த்துக் கொடுக்கிறதுதான் நம்ம வேலை. ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமான்னு சொல்ல நாம யாரு?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்னொருவர், "நம்ம ஊர்ல முப்பத்தஞ்சு வயசுல கர்ப்பப்பையை எடுத்துட்டு வந்தவங்க எத்தனை பேருன்னு எண்ணுங்க. அதுல எத்தனை பேரு இன்னொரு டாக்டர்கிட்ட கேட்டாங்க?" என்றார். யாரும் பதில் பேசவில்லை. எங்களிலேயே இரண்டு பேர் அந்தக் கணக்கில் வருகிறவர்கள்.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். கடன் உண்டு. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. எழுபதாயிரத்துக்கு முதல் மாதம் வட்டி மட்டும் 700 ரூபாய். பணத்தை எதற்குச் செலவு செய்வது என்பது அக்காவின் முடிவு. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு என்ன அவசரம்? இரண்டு வருஷமாக இருக்கிற வியாதி. இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு எடுக்கட்டும், நாங்களும் கூட வருகிறோம் என்று சொன்னோம். அவசரமே இல்லாத வியாதி என்று நாங்கள் சொல்லவில்லை. பரிசோதனை செய்யாமல் கத்தி வைக்கிற அளவுக்கு அவசரம் இல்லை என்றுதான் சொன்னோம்.

மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு நாள், நெஞ்சு நோய்ப் பிரிவில் ஒரு நாள். தூக்கப் பரிசோதனைக்கு ஆறு வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, விரலில் ஒரு கிளிப் மாட்டி, ஒரு ராத்திரி அங்கேயே தூங்கச் சொன்னார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. இப்போது வீட்டுக்கே கொடுத்தனுப்புகிற சின்னக் கருவியும் இருக்கிறது. எல்லோருக்கும் அது போதாது என்றாலும், பல பேருக்கு முதல் கட்டமாக அது போதும்.

அக்காவுக்கு வந்த எண் 44. ஒரு மணி நேரத்தில் 44 தடவை. ஆறு மணி நேரம் தூங்கினால் 264 தடவை. ஆக்சிஜன் 68 வரைக்கும் இறங்கியிருந்தது. நமக்கெல்லாம் 95-க்கு மேல் இருக்க வேண்டியது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே கணக்குத்தான். 94-க்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம். இவர் ஒவ்வொரு ராத்திரியும் திண்ணையில் 68-க்குப் போய் வந்துகொண்டிருந்தார். நாங்கள் 5 ரூபாய் அபராதம் போட்டோம்.

தைராய்டு சோதனையும் எடுத்தார்கள். அது சரியாக இருந்தது. தைராய்டு குறைவாக இருந்தாலும் இந்த மாதிரி வரலாம் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். ரத்தக் கொதிப்பு 160/100.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாக ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். தொண்டை அடைக்கிற இடம் ஒன்று இல்லை. உள்நாக்கு, அண்ணத்தின் பின்பக்கத்து மெல்லிய சதை, டான்சில், நாக்கின் அடிப்பகுதி, பக்கச் சுவர், இதில் எது வேண்டுமானாலும் அடைக்கலாம். இரண்டு மூன்று இடம் சேர்ந்தும் அடைக்கலாம். உள்நாக்கை வெட்டுகிற ஆபரேஷனில் டான்சிலையும் எடுத்து, அண்ணத்தின் விளிம்பையும் குறைத்துத் தைக்கிறார்கள். மேலே அடைக்கிறவருக்கு அது உதவும். நாக்கின் அடி பின்னால் சரிந்து அடைக்கிறவருக்கு மேலே வெட்டி என்ன பயன்? "தெற்கு மடை அடைச்சிருக்கு, வடக்கு மடையை வெட்டுனா தண்ணி வருமா?" என்று எங்களில் ஒருவர் கேட்க, "அதேதாம்மா" என்றார் டாக்டர்.

இந்த ஆபரேஷன் 1981-இல் அமெரிக்காவில் புஜிதா என்ற டாக்டர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவியது. அதே 1981-இல்தான் ஆஸ்திரேலியாவில் சல்லிவன் என்ற டாக்டர், மூக்கு வழியாகக் காற்றை மெதுவாக அழுத்தி ஊதிக்கொண்டே இருக்கும் மெஷினைப் பற்றி எழுதினார். அதற்கு சிபாப் என்று பேர். துணி ஹோஸ் கதையையே நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்து காற்று தள்ளிக்கொண்டே இருந்தால் ஹோஸ் உப்பி நிற்கும், ஒட்டாது. ஒரே வருஷத்தில் இரண்டு வழியும் வந்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் பெரியவர்களுக்கு முதலில் சொல்வது மெஷினைத்தான்.

ஏன் என்றால் கணக்கு அப்படி. 1996 வரை வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குத்தான் நல்ல பலன். நல்ல பலன் என்றால் முழுக் குணம் என்று அர்த்தம் இல்லை. எண் பாதிக்குக் குறைய வேண்டும், 20-க்குக் கீழே வர வேண்டும், அவ்வளவுதான். பிறகு 2002-இல் ப்ரீட்மேன் என்ற அமெரிக்க டாக்டர் ஆட்களைப் பிரித்துப் பார்த்தார். டான்சில் பெரிசாகவும், வாயைத் திறந்தால் நாக்கு தாழ்ந்து தொண்டை நன்றாகத் தெரிகிற மாதிரியும் இருந்தவர்களுக்கு நூற்றுக்கு 80 பேருக்குப் பலன் கிடைத்தது. டான்சில் சின்னது, நாக்கு மேலே ஏறித் தொண்டையை மறைக்கிறது என்றால் நூற்றுக்கு 8 பேருக்குத்தான். உடம்பு மிகவும் பெருத்தவர்களையும் இந்தக் கடைசி வகையில்தான் சேர்த்தார்.

ஒரே ஆபரேஷன். ஒருவருக்கு 80, இன்னொருவருக்கு 8. செலவும் வலியும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நம்ம அக்கா கண்ணாடி முன்னால் வாயைத் திறந்தால் நாக்குதான் தெரியும், உள்நாக்கின் நுனிகூடத் தெரியாது. டான்சில் இருக்கிற இடமே தெரியவில்லை. அவர் அந்த 8-இல் இருந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் நீளமாகத் தொங்குது என்று எதைப் பார்த்தார்களோ, எங்களுக்கு இன்னும் புரியவில்லை.

இருந்தும் முடிவு சுலபமாக வரவில்லை. மகன் விடவில்லை. "ஒரு தடவை அறுத்தா முடிஞ்சிடும். ஆயுசு பூரா மூஞ்சில மாட்டிக்கிட்டுப் படுக்கணுமா? கரண்டு போனா என்ன பண்றது?" என்றார். தப்பான கேள்வி இல்லை. மெஷின் போட்டால்தான் வேலை செய்யும், எடுத்து வைத்தால் அன்றைக்கே பழைய நிலைமைதான். வாங்கிவிட்டுப் பரணில் போட்டு வைத்திருக்கிறவர்களும் உண்டு. அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு எங்களிடம் சொன்னது இதுதான்: "வெட்டினது வெட்டினதுதான், திரும்ப வராது. மெஷினு பிடிக்கலன்னா திருப்பிக் கொடுத்துடலாம். முதல்ல திருப்பிக் கொடுக்கக்கூடியதைப் பார்ப்போம்." இந்த வார்த்தையை நாங்கள் எந்தப் பயிற்சி முகாமிலும் கேட்டதில்லை.

அதனால் எடுத்த எடுப்பில் வாங்கவில்லை. ஒரு மாதம் வாடகைக்கு எடுத்தார். முதல் வாரம் நரகம். பாதி ராத்திரியில் பிடுங்கி எறிந்துவிடுவார். பேரன் "ஆயாவுக்குத் தும்பிக்கை முளைச்சிருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான். முகமூடி அளவு பெரிசு என்று பிறகுதான் தெரிந்தது. மூக்கை மட்டும் மூடுகிற சின்னதை மாற்றிக் கொடுத்தார்கள். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள், விடியற்காலை நாலரைக்குப் பால் கறக்க யாரும் எழுப்பாமல் தானே எழுந்து, "தலையே இல்லாத மாதிரி லேசா இருக்குடி" என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு 45,000 ரூபாய் கடன் வாங்கி மெஷின் வாங்கினார். தண்ணீரைச் சூடாக்குகிற வசதியைப் போடாமல் ஓட்டினால் ஒரு மேசை பேன் அளவுக்குத்தான் கரண்டு இழுக்கும்.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். இப்போதும் வாரத்தில் ஐந்து ராத்திரிதான் போடுகிறார். சளி பிடித்தால் முடியாது. கொதிப்பு மாத்திரை தொடர்கிறது. ஆனால் மீட்டிங்கில் தூங்குவதில்லை. போன மாதம் கணக்கில் 30 ரூபாய் தப்பு என்று எங்களையே மடக்கினார். அபராதம் 15 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கையில் வாங்கவில்லை, சேமிப்பில் வரவு வைக்கச் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டுவிட்டு ஆபரேஷனே கூடாது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஊராட்சிச் சங்கத்தில் ஒரு சகோதரியின் கணவருக்கு 38 வயது. லாரி ஓட்டுகிறார். டான்சில் இரண்டும் பெரிய நெல்லிக்காய் அளவு, கிட்டத்தட்ட ஒன்றை ஒன்று முட்டுகிறது. எண் 26. மெஷினை இரண்டு மாதம் முயற்சி பண்ணினார். மாதத்தில் பாதி நாள் லாரி கேபினில் படுக்கிறவர், முடியவில்லை. ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே ஒரு தடவை கண் அசந்து, வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. நல்ல காலம், ஒருவருக்கும் அடி இல்லை. அவருக்கு ஆபரேஷன்தான் சரி என்று இரண்டு டாக்டர்களும் சொன்னார்கள். செய்துகொண்டார். நாலு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. எண் 9. அந்த வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

ஆனால் அந்தச் சகோதரி எங்களிடம் சொன்னதையும் கேளுங்கள். இரண்டு வாரம் எச்சில் விழுங்க முடியாத வலி. கஞ்சி, மோர், ஐஸ் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஏழாம் நாள் ராத்திரி வாயில் ரத்தம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தழும்பின் பொருக்கு உதிர்கிற சமயத்தில், முதல் வாரக் கடைசியிலோ அடுத்த வாரத்திலோ இப்படி ரத்தம் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஆள் பதறவில்லை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது, மூன்று வாரத்தில் நின்றது. சிலருக்கு அது நிற்காமலே போகலாம். தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இன்றைக்கும் இருக்கிறதாம். குரலும் கொஞ்சம் மாறியிருக்கிறது. நாலு வாரம் வண்டி ஓட்டவில்லை, அந்த மாதத் தவணையைச் சங்கம் பொறுத்துக்கொண்டது.

உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்து 2004-இல் வெளியிட்ட கணக்கில், ஆயிரத்துக்கு 2 பேர் இறந்தார்கள். கடுமையான சிக்கல் ஆயிரத்துக்கு 15 பேர் போல. சின்ன எண்தான். அந்த ஒருவர் நம்ம வீட்டு ஆளாக இருந்தால் சின்னது இல்லை.

மெஷின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆபரேஷனால் பலன் உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2020-இல் ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட 102 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். அண்ணத்தையும் நாக்கையும் சேர்த்துச் சரிசெய்த பிரிவில் எண் சராசரியாக 48-இலிருந்து 21-க்கு இறங்கியது. மருந்து, எடைக் குறைப்பு, படுக்கும் முறை என்று பார்த்த பிரிவில் 45-இலிருந்து 34 வரைதான். இப்போது சதையை நிறைய வெட்டி எறியாமல் இழுத்துத் தைக்கிற முறைகளும் வந்திருக்கின்றன. மயக்க மருந்தில் தூங்க வைத்து, மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டு, எந்த இடம் அடைக்கிறது என்று நேரில் பார்க்கிற சோதனையும் இருக்கிறது. ஆபரேஷன் என்று முடிவானால், அந்தச் சோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள்.

அதோடு இதையும் கேளுங்கள்: என் எண் எவ்வளவு, அடைக்கிற இடம் எது, என்னை மாதிரி ஆளுக்கு நூற்றுக்கு எத்தனை பேருக்குப் பலன் கிடைக்கும், பலிக்காவிட்டால் அடுத்து என்ன? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறவர்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இருக்கிற காப்பீட்டு கவுண்டரில் போய், இந்த ஆபரேஷனுக்கு அனுமதி உண்டா, கைக்காசு எவ்வளவு போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு பதில்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு குறட்டை நின்றுவிட்டது, ஆகவே வியாதியும் போய்விட்டது என்று விட்டுவிடக்கூடாது. அதிர்கிற சதையை எடுத்துவிட்டால் சத்தம் போகும். சத்தமே இல்லாமல் மூச்சு மட்டும் நின்றுகொண்டிருக்கலாம். அது இன்னும் மோசம், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி தூக்கப் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும். லேசரில் பத்து நிமிஷத்தில் குறட்டை போக்குகிறோம் என்று விளம்பரம் வருகிறதே, உள்நாக்கை லேசரால் சுடுகிற அந்த முறையை இந்த மூச்சடைப்பு வியாதிக்குப் பொதுவாகச் சிபாரிசு செய்வதில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. பெரியவர்களுக்குச் சொன்ன கணக்கை அவர்களுக்குப் போடாதீர்கள். வாயைத் திறந்துகொண்டே தூங்குகிற பிள்ளை, குறட்டை விடுகிற பிள்ளை, ஆறு ஏழு வயதிலும் படுக்கையை நனைக்கிற பிள்ளை, வகுப்பில் நிலைகொள்ளாத பிள்ளை, இவர்களை அடிக்காதீர்கள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காரணம் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையும்தான். அதை எடுப்பதுதான் அவர்களுக்கு முதல் வைத்தியம். 2013-இல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், எடுத்தவர்களில் நூற்றுக்கு 79 பேருக்கு ஏழு மாதத்தில் சரியானது. எடுக்காமல் பொறுத்துப் பார்த்தவர்களிலும் 46 பேருக்குத் தானாகவே சரியானது. ஆகவே லேசாக இருந்தால் கொஞ்சம் காத்திருக்கலாமா என்றும் கேட்கலாம்.

எந்த முடிவு எடுத்தாலும் கூடவே செய்யக் காசில்லாத வேலைகள் சில உண்டு. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும், ஒருக்களித்துப் படுங்கள். பழக்கம் வராவிட்டால் பழைய ஜாக்கெட்டின் முதுகில் ஒரு பை தைத்து, அதில் ரப்பர் பந்து போட்டுக்கொள்ளுங்கள். புரண்டால் குத்தும், தானாகத் திரும்புவீர்கள். உடம்பு எடை நூற்றுக்குப் பத்து குறைந்தால், இந்த எண் சராசரியாக நூற்றுக்கு 26 குறைகிறது என்று 2000-இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. வீட்டுக்காரர் ராத்திரி குடித்துவிட்டுப் படுத்தால் குறட்டை ஏன் கூடுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். லேசான வியாதிக்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கிற பல் கிளிப்பும் இருக்கிறது, அதற்குப் பல் டாக்டர் வேண்டும்.

ஒரு விஷயம் மறந்துவிடப் போகிறோம். குடல்வால், கர்ப்பப்பை, கண், எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம் "எனக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும்" என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். மெஷின் வைத்திருந்தால் கையோடு கொண்டுபோங்கள். மயக்கம் தெளிகிற அந்த ராத்திரிதான் இவர்களுக்கு அதிக ஆபத்து.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரத்தக் கொதிப்பு பார்க்கிற கருவியும் அளவு நாடாவும் கொண்டுவருகிறோம். கழுத்துச் சுற்றளவு அளந்து எழுதிக்கொள்வோம். அதற்குள் ஒவ்வொருவரும் வீட்டில் கூடப் படுக்கிறவரிடம், மகளிடமோ பேரனிடமோ, "ராத்திரி எனக்கு மூச்சு நின்னு நின்னு வருதா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். கூட்டத்தில் தூங்கினால் அபராதம் என்ற தீர்மானத்தை எங்கள் சங்கத்தில் ரத்து செய்துவிட்டோம். உங்கள் சங்க நோட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் பாருங்கள்.

இதோ, பின் வரிசையில் ஒரு அம்மா கை தூக்குகிறார்கள். வாங்கம்மா, முன்னாடி வந்து மைக்கில் கேளுங்க.